அம்மா ஜொகூருக்குப் போகவில்லை

மகனே,

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதித்தான் நான் எதையும் தொடங்குவேன். நீ வெளிநாட்டில் படித்தபோது உனக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள்கூட அப்படித்தான் இருக்கும். நீயும் உன் அறைத் தோழர்களும் அதைப் படித்துச் சிரித்தீர்கள் என்று பின்னால் சொன்னாய். இன்று அந்த ஒரு வரியை எழுதக் கை வரவில்லை. ஒன்றரை வருடமாக நான் உன்னிடம் சொல்லிவரும் பொய்யே அதுதான். உன் அம்மா நலமாக இல்லை. நான் உன்னிடம் சொன்னதுபோல அவளுக்குத் தைராய்டும் இல்லை, தூக்கக் குறைவும் இல்லை. முதுமை மறதி. எந்த மருத்துவரும் இன்னும் அப்படிச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் அவளை எந்த மருத்துவரிடமும் கூட்டிப்போகவில்லை. ஆனால் இரவும் பகலும் கூடவே இருக்கிறவனுக்குத் தெரியாதா? நீ வாக்குக் கேட்டு நம் அடுக்குமாடிப் புளோக்குக்கு வந்த அன்று அவள் எல்லை தாண்டி ஜொகூரில் சித்தி வீட்டில் இருப்பதாகச் சொன்னேனே, அவள் ஜொகூருக்குப் போகவில்லை. நீ நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், நீ படித்து வளர்ந்த அறையில் இருந்தாள். அந்த அறையை வெளியிலிருந்து பூட்டியவன் நான்.

இதை உனக்கு மட்டும் சொல்லிவிட்டு, அப்பனும் மகனும் சேர்ந்து பூசி மெழுகிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்ய முடியாதபடி போன சனிக்கிழமை நானே கெடுத்துக்கொண்டேன். கீழ்த்தளத்தில் நீ நடத்திய கூட்டத்தில் நான் பொய் சொன்னது உன்னிடம் மட்டும் இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, நம் ஈசூன் வட்டாரத்தில் பாதிப் பேர் முன்னிலையில் சொன்னேன். அதனால் இது திறந்த கடிதம். நீ முதலில் படி. பிறகு நம் புளோக்கில் யார் கேட்டாலும் கொடுப்பேன். உன் அம்மாவிடமும் கேட்டேன். 'உன்னைப் பற்றி நம்ம மகனுக்கு எழுதட்டுமா?' என்றேன். 'எழுதுங்க' என்றாள். அவள் எதற்குச் சம்மதித்தாள் என்பது எனக்குத் தெரியாது, அந்தப் பாவமும் என்னோடு இருக்கட்டும்.

எப்போது தொடங்கியது என்று கேட்பாய். அடுப்பில் வெறும் சட்டியை வைத்துவிட்டுப் போவது, ஒரே கதையைச் சாப்பாட்டு மேசையில் இரண்டு தடவை சொல்வது என்று முதலில் சின்னச் சின்னதாகத்தான் இருந்தது. உன் மனைவி ஒருமுறை என்னைத் தனியாக அழைத்து, 'மாமா, அத்தை கொஞ்சம் டிஃபரண்டா இருக்காங்க, செக் பண்ணலாமா?' என்று கேட்டாள். 'வயசானா எல்லாரும் அப்படித்தாம்மா' என்று அவள் வாயை அடைத்தேன். அதற்கடுத்த தீபாவளிக்கு முன்னால் உன் அம்மாவைத் தேக்காவுக்குக் கூட்டிப்போனேன். ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமில்லை. நாம் வழக்கமாகப் பூ வாங்கும் கடையில் நான் மல்லிகைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். தெருத் தெருவாக ஓடினேன். கடைசியில் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, செம்பவாங் நேவல் பேஸுக்குப் போகிற பஸ் எப்போது வரும் என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது குடியிருந்த குவார்ட்டர்ஸ் அது. இடித்துப் பல காலம் ஆகிவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பூக்கடைக்குத் திரும்பினேன். பூக்காரம்மா உன் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: 'அண்ணே, அக்காவ டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே. எங்க மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.'

'உன் வேலையப் பாரும்மா' என்றேன் நான். பூவை வாங்காமலே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு என்ன செய்தேன் தெரியுமா? பூக்கடையை மாற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, என்னை நானே அறைந்துகொள்ளவும் தோன்றுகிறது. வியாதியை மாற்ற முடியாதவன் கடையை மாற்றினேன்.

இவ்வளவு காலம் எப்படி மறைத்தேன், உன் கண்ணுக்கு எப்படித் தப்பியது என்று நீ உன்னையே நொந்துகொள்வாய். வேண்டாம். அதற்கான ஏற்பாட்டை நான் கல்யாணமான நாளிலிருந்தே செய்து வைத்திருக்கிறேன், மறைக்க வேண்டி வரும் என்று தெரியாமலே. உன் அம்மாவை யார் எது கேட்டாலும் பதில் சொல்கிறவன் நான்தானே? கடைக்காரன் 'அம்மாவுக்கு என்ன வேணும்?' என்றால் நான் சொல்வேன். கிளினிக்கில் தாதி 'எங்கே வலிக்குது?' என்றால் நான் காட்டுவேன். உனக்குப் பெண் பார்த்த அன்று சம்பந்தியம்மா இவள் பக்கம் திரும்பி, 'உங்களுக்குப் பிடிச்சிருக்கா?' என்று கேட்டதற்கும் நான்தான், 'அவளுக்கு என்னங்க, எனக்குப் பிடிச்சா அவளுக்கும் பிடிச்ச மாதிரிதான்' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நம் வீடுகளில் இதைக் குறையாக யார் எடுத்துக்கொள்கிறார்கள்? பொறுப்பான மனுஷன் என்று பெயர்கூட வாங்கினேன். நீ தொடக்கப்பள்ளியில் படித்தபோது ஒருநாள், 'நான் அம்மாவைக் கேட்டேன், உங்கள இல்ல' என்று முகத்துக்கு நேராகச் சொன்னாய். நான் முறைத்த முறைப்பில் அதற்குப் பிறகு நீ அப்படிச் சொன்னதே இல்லை. ஆகவே அவளால் பதில் சொல்ல முடியாத காலம் வந்தபோது யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு நானே பேசினேன், வீடியோவில் கேமராவை என் பக்கம் வைத்துக்கொண்டேன், ஓட்டலில் அவளுக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்தேன். எல்லாம் பழைய வழக்கம்தானே என்று நீங்கள் சும்மா இருந்தீர்கள்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேள். உன் தேர்தலுக்காக என்று என் மனதுக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிகூட உண்மை இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். கோயில் கமிட்டியில் என்னோடு இருந்த ஒருவரின் மனைவிக்கு இந்த நோய் வந்தபோது, அந்த அம்மாள் பூசை நடுவில் எழுந்து சத்தம் போட்டதை நான் நடித்துக் காட்டியிருக்கிறேன். நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் வீட்டுக்கும் வந்துவிடும் என்ற பயம். உன் அம்மாவை 'மூளை கலங்கினவ' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ, அதைவிட, என்னை 'அவளோட புருஷன்' என்று பார்ப்பார்களோ என்ற பயம். புளோக்கில் எல்லோரும் ஆலோசனை கேட்க வருகிற மனிதன், லிஃப்ட் ரிப்பேர் ஆனால் நகர மன்றத்துக்கு முதல் ஆளாகப் புகார் செய்கிற மனிதன், அவன் வீட்டில் இப்படியா என்று கேட்டுவிடக் கூடாது. இதுதான் நான் காப்பாற்றிய மானம்.

அந்தச் சமயத்தில்தான் நீ வேட்பாளர் ஆனாய். உன் துண்டுப் பிரசுரத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசி புளோக் வரைக்கும் மழையில் நனையாமல் போக எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து கூரை போட்ட நடைபாதை. வாடகை ஏற ஏற ஓடிப்போகிற தையல் கடையும் மளிகைக் கடையும் நம் குடியிருப்புப் பேட்டையிலேயே தங்குவதற்கு வழி. வீட்டில் இருந்துகொண்டே சமைத்து விற்கிற பெண்கள் வியாபாரத்தைப் பெரிதாக்க ஒரு பொதுச் சமையற்கூடம். ஞாயிற்றுக்கிழமைகளில் புல்வெளியில் உட்காருகிற, ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளுக்கு நிழலும் குடிதண்ணீரும். எல்லாம் நல்ல யோசனைதான். நடைபாதைக் கூரையை மட்டும் ஒழுகாமல் போடச் சொல், முன்பு போட்டது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கெல்லாம் மேலே, முதல் இடத்தில், நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் மறதி நோய் வந்த முதியவர்களுக்குப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் என்று போட்டிருந்தாய். அந்த வரியைத் தாண்டித் தாண்டித்தான் மற்றதைப் படிப்பேன். பிரசாரக் கூட்டத்தில் நீ அதைப் பற்றிப் பேசினாய். 'நம்ம வட்டாரத்துல எந்த முதியவரும் பூட்டின கேட்டுக்குப் பின்னால தனியா உக்காந்திருக்கக் கூடாது' என்றாய். திடலே கை தட்டியது. நான் முன் வரிசையில் எழுந்து நின்று தட்டினேன். அப்போது நம் வீட்டுப் பூட்டின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது, மகனே. அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உன் பேச்சைக் கேட்க வந்திருந்தேன்.

விளக்குக் கம்பங்களில் உன் படத்தைக் கட்டினார்களே, அந்த வாரம் ஒருநாள் காலையில் அவளைக் காப்பிக்கடைக்குக் கூட்டிப்போனேன். உன் படத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். 'யாருன்னு பாரு' என்றேன். 'நல்ல பிள்ளையா இருக்கு. யாரு பெத்த பிள்ளையோ, கழுத்தெல்லாம் வத்திப்போயிருக்கு, நேரத்துக்குச் சாப்பிடுறதில்ல போல' என்றாள். பக்கத்தில் யாராவது கேட்டுவிட்டார்களா என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன். மனம் ஒடிந்ததெல்லாம் அதற்குப் பிறகு. சரி, இனி இவளுக்கு மகனைத் தெரியாது, இவளை அவன் முன்னால் நிறுத்துவதில் என்ன பயன் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். வேட்பாளரின் அம்மா வேட்பாளரையே 'நீ யார்' என்று கேட்பதை உன் ஆட்கள் படம் பிடித்துப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டேன்.

நீ நம் புளோக்குக்கு வரப்போகும் தகவல் எனக்கு முன்பே தெரியும். அன்று மத்தியானத்திலிருந்தே அவள் நிலைகொள்ளாமல் இருந்தாள். நைட்டியை முன்பின் மாற்றிப் போட்டிருந்தாள், குங்குமம் நெற்றியெல்லாம் அப்பியிருந்தது. துடைக்கப் போனால் கையைத் தட்டிவிட்டாள். மேல்மாடிகளில் உங்கள் சத்தம் கேட்கத் தொடங்கியதும் எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. அவளை உன் அறைக்குள் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தேன். அந்தக் கதவுக்கு ஒரு சாவி இருந்தது ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக் காலத்தில் அவள் அடிக்கடி காப்பி கொண்டுவந்து தொந்தரவு செய்கிறாள் என்று நீ பூட்டிக்கொள்வாயே, அதே சாவி. வெளியில் வந்து திருப்பினேன். தலையை வாரிக்கொண்டு, சிரித்த முகமாக வாசல் கம்பிக் கேட் முன்னால் வந்து நின்றேன்.

நீ உன் ஆட்களோடு வந்தாய். படம் எடுக்கிற பெண் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். நீ கும்பிட்டு, 'ஐயா, உங்க ஓட்டு எனக்குத்தானே?' என்று விளையாடினாய். நானும், 'யோசிச்சுச் சொல்றேன் தம்பி, லிஃப்ட ஒழுங்கா வச்சுக்குவீங்களா?' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் நீ குரலைத் தாழ்த்தி, 'அம்மா எங்கப்பா?' என்றாய்.

'ஜொகூர் போயிருக்கா லா. சித்தி கூப்பிட்டா.'

'எலெக்ஷன் நேரத்துலயா? ஓட்டுப் போட வந்துடுவாங்கல்ல?'

'வந்துடுவா, வந்துடுவா.'

அப்போதுதான் உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். 'சின்னு! சின்னு வந்துட்டியா? சாப்பிட்டியாடா?' என்று. நீ குழந்தையாக இருந்தபோது கூப்பிட்ட பெயர். உன் படம் தெரியாதவளுக்கு உன் குரல் தெரிந்திருந்தது. கதவைத் தட்டவும் தொடங்கினாள். நீ தலையை நீட்டி உள்ளே பார்த்தாய். 'யாருப்பா உள்ள?' என்றாய். நான் பக்கத்தில் கிடந்த ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினேன். 'டிவிடா, சீரியல் ஓடுது' என்றேன். 'கொஞ்சம் குறைச்சு வைங்கப்பா, நெய்பர்ஸ் கம்ப்ளைண்ட் பண்ணப்போறாங்க' என்று சிரித்துவிட்டு நீ அடுத்த வீட்டுக்குப் போனாய். உனக்குச் சந்தேகம் வந்ததா, இல்லையா, நான் கேட்க மாட்டேன். உன்னைப் பெற்ற தகப்பன் சொன்னதை நீ நம்பினாய். அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை.

நீங்கள் கீழ்மாடிகளுக்கு இறங்கிப்போன பிறகுதான் கதவைத் திறந்தேன். கட்டிலில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தட்டித் தட்டி விரல் முட்டிகள் சிவந்திருந்தன. 'யாரு வந்தாங்க?' என்று கேட்டேன். 'தெரியலையே' என்றாள். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்து, 'இது யார் வீடு?' என்றாள். வாக்களிப்பு நாளிலும் அவளை வீட்டிலேயே வைத்துவிட்டு நான் மட்டும் போய் வந்தேன். உனக்குக் கிடைக்க வேண்டிய ஒரு வாக்கு அப்படிப் போயிற்று.

நீ ஜெயித்த பிறகு மாலையும் இனிப்புமாக வந்தாயே, அது உனக்கு நன்றாக நினைவிருக்கும். காலையிலேயே அவளைக் குளிப்பாட்டி, பட்டுப்புடவை கட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, 'பேசாதே, சிரி' என்று சொல்லி வைத்திருந்தேன். நீ காலில் விழுந்தாய். அவள் பதறி எழுந்து, 'அய்யய்யோ, எழுந்திரிங்க. வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?' என்றாள். நீ வாய்விட்டுச் சிரித்தாய். 'என்னம்மா, எம்.பி. ஆனதும் மரியாதையெல்லாம் கொடுக்கிற?' என்றாய். பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள், உன் மனைவியைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். உன் அம்மா வீட்டுக்கு வந்த பெரிய மனிதருக்குச் செய்ய வேண்டிய உபசாரத்தைச் செய்துகொண்டிருந்தாள். நீ அவளுக்கு அந்நியன் ஆகிவிட்டதை ஒரு வேடிக்கையாக்கி உனக்குப் பரிமாறினேன்.

இனி போன சனிக்கிழமை. நிலையத்தை நம் புளோக்கில் வைக்கலாமா என்று கேட்க நீ கூட்டம் போட்டாய். வந்தவர்களில் பாதிப் பேருக்கு இஷ்டமில்லை. நல்ல திட்டம்தான், ஆனால் வேறு புளோக்கில் வையுங்கள் என்பதைத்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாஷையில் சொன்னார்கள். வீட்டு விலை இறங்கும் என்றார் ஒருவர். குழந்தைகள் பயப்படும் என்றார் இன்னொருவர். அப்போது நாலாம் மாடிக்காரர் எழுந்து, உன் சொந்த அப்பா அம்மா இந்த இடத்துக்கு வருவார்களா என்று நேராகக் கேட்டார். நீ கொஞ்சமும் தயங்கவில்லை. 'என் பெற்றோர் இதே புளோக்கில்தான் இருக்கிறார்கள். கடவுள் புண்ணியத்தில் இருவரும் நன்றாக இருக்கிறார்கள். நாளைக்குத் தேவைப்பட்டால் முதல் ஆளாக இங்கேதான் வருவார்கள். வேண்டுமானால் என் அப்பாவையே கேளுங்கள்' என்றாய். மைக் என் கைக்கு வந்தது. மைக் என்றால் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும், கல்யாண வீட்டில்கூட விடமாட்டேன் என்று நீயே கேலி செய்வாய். 'ஆமாங்க, எங்க ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல, நல்லாத்தான் இருக்கோம்' என்றேன். கை தட்டினார்கள். அடுத்த நிமிடமே நாலாம் மாடிக்காரர், பார்த்தீர்களா, இவ்வளவு வயதானவர்களே நன்றாக இருக்கிறார்கள், நம் புளோக்கில் அப்படி ஒரு நோயாளியே இல்லாதபோது எதற்கு இங்கே என்றார். பலர் தலையாட்டினார்கள். உன் முகம் வாடியதை நான் பார்த்தேன். வருகிற சனிக்கிழமை முடிவெடுக்கலாம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தாய். நீ ஊருக்குக் கொடுத்த முதல் வாக்குறுதியை, உன் அம்மாவுக்கு வேண்டிய அந்த இடத்தை, நான் ஒரே ஒரு பொய்யால் கவிழ்க்கப் பார்த்திருக்கிறேன்.

மேலே வந்தேன். லிஃப்ட் கதவு திறந்ததும் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, நாம் மக்சிக் என்று கூப்பிடுகிற ரொகாயா, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நம் பூட்டிய கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே தரையில் உன் அம்மா. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு மக்சிக்கின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மக்சிக் கூயே பலகாரத்தைப் பிட்டுப் பிட்டுக் கொடுக்க, இவள் தின்றுகொண்டே மலாயில் ஏதோ பேசிச் சிரித்தாள். நேவல் பேஸில் அண்டைவீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்ற மலாய் இன்னும் மிச்சமிருக்கிறது போல. என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நான் சாவியைத் தேடினேன்.

மைக் சத்தத்தில் அவள் பயந்துபோய்க் கேட்டைப் பிடித்து ஆட்டியதாக மக்சிக் சொன்னார். உங்களைக் கூப்பிடலாம் என்று கீழே இறங்கி வந்து பார்த்தேன், நீங்கள் முன் வரிசையில் மைக்கோடு நின்றீர்கள், அதனால் விட்டுவிட்டேன் என்றார். அவர் வேண்டுமென்று குத்திப் பேசுகிறவர் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். நான், 'அவ ஏதாவது பேர் சொன்னாளா? சின்னுன்னு ஏதாவது?' என்று கேட்டேன். இல்லை என்றார். எனக்குத் தெரிந்த மலாயில், இவளுக்குக் கொஞ்சநாளாக உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தேன். மக்சிக் என் தோளைத் தொட்டு, 'தாவ் லா, தாவ்' என்றார். தெரியும், தெரியும் என்று. எங்கள் எல்லோருக்கும் ரொம்ப நாளாகத் தெரியும், இந்த வரிசையில் எந்த வீட்டுக்குத் தெரியாது, நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தோம் என்றார். நாலாம் மாடிக்கு மட்டும் தெரியாதாம், அவர்கள் புதிதாகக் குடிவந்தவர்களாம். நான் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். யாருக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை நாள் கேட்டைப் பூட்டினேனோ, அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. அவளை நான் மறைத்து வைத்தது உன்னிடமிருந்து மட்டும்தான்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இப்போது கிடையாது. ஆனாலும் நான் செய்ததிலிருந்து நீ எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். நீ வீடு வீடாகப் போகிறாய். ஒவ்வொரு கேட்டிலும் வந்து நின்று பேசுகிறவன் பெரும்பாலும் என்னைப் போல வாயாடியாகத்தான் இருப்பான். லிஃப்ட் சரியில்லை, கூரை ஒழுகுகிறது என்று அவனே எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். நீயும் குறித்துக்கொண்டு போவாய். உன் உதவி யாருக்கு வேண்டுமோ அந்த ஆள் உள்ளே இருப்பார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசலாமா என்று கேள். மரியாதைக் குறைவு என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உள்ளே சத்தம் கேட்டால், அது என்ன சத்தம் என்று போய்ப் பார். நடைபாதைக்குக் கூரை போடுவதைவிட இது கஷ்டம், எந்தப் படத்திலும் விழாது. இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். உன் அம்மாவை மேடைப் பேச்சாக்கிவிடாதே. என் தாயாருக்கே இந்த நோய் என்று நீ ஆரம்பித்தால் கூட்டம் உருகிவிடும், திட்டமும் நிறைவேறிவிடும், எனக்குத் தெரியும். அந்த வேலையை நீ செய்ய வேண்டாம். சனிக்கிழமை நானே மைக்கை வாங்கி, நான் சொன்னது பொய், இந்தப் புளோக்கில் அந்த இடம் தேவைப்படுகிற ஆள் என் வீட்டில் இருக்கிறாள், பூட்டி வைத்தவன் நான் என்று சொல்லிக்கொள்கிறேன். அவமானம் என்னுடையது, அதைச் சொல்கிற வாயும் என்னுடையதாக இருக்கட்டும்.

மருத்துவரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. உன் மனைவி கூட வரட்டும், நான் வெளியில் உட்கார்ந்துகொள்கிறேன். உள்ளே வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. கேட்டை இப்போதெல்லாம் பூட்டுவதில்லை. வெளியே போகவேண்டி வந்தால் மக்சிக் வந்து அவளோடு உட்காருகிறார்.

கடைசியாக ஒன்று. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். அன்று உன் குரலைக் கேட்டு உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளே, அதற்குப் பிறகு அந்தப் பெயர் அவள் வாயில் வரவே இல்லை. உன் சின்ன வயதுப் படங்களையெல்லாம் எடுத்துக் காட்டினேன். உன் பேச்சைத் தொலைபேசியில் போட்டுக் கேட்க வைத்தேன். 'நல்லாப் பேசுறாரு' என்கிறாள். அவள் உன்னை அடையாளம் கண்டுகொண்ட கடைசித் தடவை அதுதானோ என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். கதவைத் திறந்திருந்தால் போதும், நீ உள்ளே வந்திருப்பாய், 'சாப்பிட்டேன்மா' என்றாவது சொல்லியிருப்பாய். அவள் கேட்டதற்குப் பதில் கிடைத்திருக்கும்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் தனியாக மேலே வா. அவள் 'வாங்க' என்றால் சிரிக்காதே, போய்ப் பக்கத்தில் உட்கார். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. அவளிடம் தினமும் கேட்கிறேன், தலையை வாரிவிடும்போதும் சாதம் பிசைந்து கொடுக்கும்போதும். 'பரவாயில்லைங்க, விடுங்க' என்று என் கையைத் தட்டிக் கொடுக்கிறாள். எதை மன்னிக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

உன் அப்பா